கொடுப்புக்குள் போகும் வெளிச்சம்

கொடுப்பு என்றால் எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையில் பை மாதிரி இருக்கும் இடம். காலையில் நடவுக்கு இறங்கும் பெண்கள் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, அதோடு ஒரு கிள்ளு புகையிலை என்று மடித்துப் போட்டுக் கொடுப்பில் அடக்கிக்கொண்டால், பத்து மணிக்குக் கஞ்சி குடிக்கக் கரையேறும் வரை அது அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். என் அப்பாயி நாற்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் வயலில் நின்றார். வலது கொடுப்பில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தபோது சுண்ணாம்பு பட்டு வெந்துவிட்டது என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார், நாங்களும் நம்பினோம், கழுத்தில் நெறி கட்டிக் கையில் தட்டுப்பட்ட பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதற்குள் வாய்ப்புற்று முற்றிவிட்டிருந்தது.

இப்போது நான் பார்க்கும் வேலை பல் மருத்துவக் கருவிகளைப் பொருத்துவது, பழுது பார்ப்பது. கும்பகோணத்தில் தொடங்கி பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர் வரைக்கும் சுற்றுகிறேன். கையில் பிடித்து வாய்க்குள் விடும் ஒளிக்கருவிகள் இந்தப் பக்கக் கிளினிக்குகளிலும் முகாம்களிலும் ஒன்றிரண்டாகத் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. வருகிறவர்களுக்கு எல்லாமே 'வாய்க்குள்ள விடுற கேமரா'. பிடி ஒரே மாதிரி இருக்கிறது, நுனியில் ஒரு வெளிச்சம் இருக்கிறது, அதனால் அப்படித் தோன்றுவது சரிதான். ஆனால் உள்ளே நடக்கும் காரியம் கருவிக்குக் கருவி வேறு. எந்த வெளிச்சம் எதைப் பார்க்கும், எதில் ஏமாறும் என்று தெரியாமல் வாங்கினால், வெற்றிலை போட்டுச் சிவந்த நம் டெல்டா வாய்களில் அது தப்பும் தவறுமாகத்தான் சொல்லும். அதைத்தான் இங்கே விளக்கமாக எழுத நினைக்கிறேன்.

முதலில் வெளிச்சம் சதைக்குள் போனால் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். ஆடியில் புதுத்தண்ணீர் நுரையும் வண்டலுமாகச் சுழித்துக்கொண்டு வரும்போது முழங்கால் ஆழத்தில் நிற்கும் நம் பாதமே நமக்குத் தெரியாது. அதே ஆறு தை மாதம் தெளிந்து ஓடும்போது இடுப்பளவுத் தண்ணீரிலும் அடிமணல் தெரியும். புதுத்தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் சிதறடித்து விடுகிறது, நேராகப் போய் நேராகத் திரும்பி வரும் வெளிச்சம் மிச்சமே இருப்பதில்லை. சதையும் அந்தப் புதுத்தண்ணீர் மாதிரிதான். செல்களும் நார்களும் கொழுப்பும் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. போதாததற்கு இரத்தம் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் விட்டுவிடுகிறது, செல்போன் டார்ச் மேல் விரலை வைத்தால் விரல் சிவப்பாக எரிவது அதனால்தான். அலைநீளம் கூடக்கூடச் சிதறல் குறையும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் சதையில் உள்ள தண்ணீரே வெளிச்சத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். ஆழம் பார்க்க வேண்டிய கருவிகள் எல்லாம் ஏறக்குறைய 700-இலிருந்து 1300 நானோமீட்டர் வரை உள்ள அந்தச் சந்துக்குள்தான் வேலை செய்கின்றன. 700-க்கு மேல் போனால் நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்குப் பெயர் அண்மை அகச்சிவப்பு.

வாய்ப்புற்றுக்காகப் பேசப்படும் கருவிகளில் பலவும் இதற்கு நேர் எதிர்ப்பக்கம், நீலத்தில் வேலை செய்கின்றன. 400 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை வாய்க்குள் அடித்தால் நல்ல சதை மங்கலான பச்சையில் தானாக ஒளிரும். சதைக்கு அடியில் இருக்கும் கொலாஜன் நார்களும் செல்லுக்குள் இருக்கும் சில வேதிப்பொருட்களும் நீலத்தை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருகின்றன. திசு கெடத் தொடங்கும்போது அந்த நார்க்கட்டு குலைகிறது, செல்லின் வேதியியல் மாறுகிறது, அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, ஆகவே பச்சை மங்கிக் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். வடிகட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும், கணினி கூட வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் கறுப்பாகத் தெரிவது எல்லாம் கெட்டது கிடையாது. கூரான பல் உரசி உரசி வந்த புண்ணிலும் இரத்த ஓட்டம் கூடியிருக்கும், சுண்ணாம்பு சுட்ட இடத்திலும் கூடியிருக்கும், இரண்டும் கறுப்பாகவே தெரியும். அனுபவம் உள்ள மருத்துவர்கள் அந்த இடத்தைக் கருவியின் முனையாலோ கண்ணாடித் துண்டாலோ லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்தத்தில் இரத்தம் ஒதுங்கிப் பச்சை திரும்பி வந்தால் வீக்கமாக இருக்கலாம், வராவிட்டால் சந்தேகத்தை விடக்கூடாது. இன்னொன்று நமக்கு ரொம்ப முக்கியம். நம்மில் பலருக்கு ஈறும் உள்கன்னமும் பிறவியிலேயே கறுத்திருக்கும், அது மெலனின் என்ற நிறமி, நீல ஒளியை நன்றாகக் குடிக்கும். எந்த நோயும் இல்லாத ஒரு வாய் அந்தக் கருவியில் அங்கங்கே இருட்டாகத் தெரியும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கண்ணுக்கே சந்தேகமான புண் தெரியும்போது இப்படிப்பட்ட ஒளிக்கருவிகளை வைத்து முடிவெடுக்கப் பரிந்துரைக்கவில்லை, சதையை எடுத்துச் சோதிக்கச் சொன்னது. எனக்கு அது முழுக்கச் சரி என்று படுகிறது. கருவி கறுப்பு என்று காட்டாததால் பயாப்ஸியைத் தள்ளிப்போட்டால் அது அப்பாயி கதைதான் திரும்ப.

அப்படியென்றால் எதற்கு இந்தக் கருவி? திட்டு பெரியதாக இருக்கும்போது எந்த இடத்தில் சதை எடுப்பது என்பதுதான் பெரிய குழப்பம். தப்பான ஓரத்தில் எடுத்தால் முடிவு ஒன்றுமில்லை என்று வரும், வந்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒளி உதவுகிறது. திருவனந்தபுரத்தில் சாஸ்கேன் மெடிடெக் என்ற நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த ஓரல்ஸ்கேன் என்ற கைக்கருவியும் வாயைச் சோதிக்கவும் பயாப்ஸிக்கு இடம் காட்டவும் செய்யப்பட்டதுதான். பாக்கும் புகையிலையும் போடும் ஊரிலிருந்தே அப்படி ஒரு கருவி பிறந்தது எனக்குச் சந்தோஷமான விஷயம்.

வெற்றிலையை இங்கே யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதால் ஒரு வார்த்தை. ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ, கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆய்வுகள் குற்றம் சாட்டுவது பாக்கையும் புகையிலையையும்தான். புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் போட்டால் ஒன்றும் செய்யாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் புகையிலை இல்லாத தாம்பூலத்தையும் தனிப் பாக்கையும் கூட மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்தது.

சரி, பல்லுக்கு வருவோம்.

சொத்தையைக் கண்டுபிடிக்க 655 நானோமீட்டர் சிவப்பு லேசரை வைத்து ஒரு பேனா மாதிரிக் கருவி 1990களின் கடைசியிலிருந்து இருக்கிறது. சொத்தையில் குடியிருக்கும் கிருமிகள் உண்டாக்கும் போர்பைரின் என்ற பொருள் சிவப்பை வாங்கி அகச்சிவப்பில் ஒளிரும், கருவி அதை அளந்து 0 முதல் 99 வரை ஓர் எண்ணைக் காட்டும். ஒரு முகாமுக்கு அந்தக் கருவியைச் சரி செய்து கொடுத்துவிட்டுக் கூடவே போயிருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் வெற்றிலை போடுகிறவர்கள். கருவி ஒவ்வொரு பல்லிலும் கூவிக்கொண்டே இருந்தது, எண்ணை மட்டும் பார்த்து வரிசையாகச் சொத்தை என்று சீட்டு எழுதினார்கள். பிறகு கிளினிக்குக்கு வந்து ஸ்கேலிங் செய்து காரையும் கறையும் எடுத்துவிட்டுத் திரும்ப அளந்தபோது பலருக்கு எண் சட்டென்று இறங்கிவிட்டது. காவிக் கறையும் பல் காரையும் அந்த ஒளியில் தாமாகவே ஒளிரக்கூடியவை. சுத்தம் செய்யாத பல்லில் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது என்று கருவியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அன்று யாரும் அதைப் பிரிக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

அதே கறை படிந்த பல்லை 1300 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால் கதையே வேறு. அந்த அலைநீளத்தில் பல்லின் மேல் ஓடான எனாமலின் சிதறல், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருப்பதைவிட இருபது முப்பது மடங்கு குறைவு. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேனியல் ஃப்ரைட் என்பவரின் குழு இதை வருடக்கணக்காக அளந்து காட்டியிருக்கிறது. எனாமல் தைமாதத் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிடும், உள்ளே தாது கரைந்து பொத்தலான இடம் மட்டும் ஒளியைச் சிதறடித்துத் தனியாகத் தெரியும். கறையின் நிறமிகளோ இவ்வளவு நீண்ட அலையைக் குடிப்பதில்லை, அதனால் கறை படத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறது. வெற்றிலை வாய்க்கு இதைவிடப் பொருத்தமான வெளிச்சம் இருக்க முடியாது என்பேன். சிக்கல் விலையில் இருக்கிறது. செல்போன் கேமராவில் இருக்கும் சிலிக்கான் சென்சார் ஏறக்குறைய 1100 நானோமீட்டரோடு குருடாகிவிடும். அதற்கு மேல் பார்க்க இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற வேறு பொருளில் செய்த சென்சார் வேண்டும், அதன் விலையை ஒரு சிறு ஊர் கிளினிக் யோசித்துக் கூடப் பார்க்க முடியாது. விற்பனைக்கு வரும் கருவிகள் 780, 850 நானோமீட்டரில் நின்றுகொள்வதற்கு முக்கியமான காரணம் அதுதான். அதுவும் பயனுள்ளதுதான், இரண்டு பல் ஒட்டும் இடத்தில் மறைந்திருக்கும் சொத்தையை எக்ஸ்ரே கதிர் இல்லாமல் காட்டும், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இவை எல்லாம் மேலிருந்து பார்க்கும் படங்கள். ஆழத்தை வெட்டிப் பார்த்த மாதிரிக் காட்டும் கருவி ஓ.சி.டி., ஆப்டிகல் கொஹரன்ஸ் டோமோகிராபி என்பதன் சுருக்கம். கர்ப்ப காலத்தில் எடுக்கும் ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஒலியை அனுப்பி எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று அளந்து ஆழம் சொல்கிறது. ஒளியிலும் அதைச் செய்யலாம் என்றால், ஒளி ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே 30 சென்டிமீட்டர் ஓடிவிடும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழத்தைப் பிரித்துச் சொல்லும் கடிகாரம் எங்கே இருக்கிறது? அதனால் நேரத்தை அளக்காமல் வேறு வழியில் போனார்கள். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து ஒன்றைச் சதைக்கும் இன்னொன்றைத் தூரம் தெரிந்த ஒரு கண்ணாடிக்கும் அனுப்புவது. இரண்டும் திரும்பி வந்து சேரும்போது, ஓடிய தூரம் சமமாக இருந்தால் மட்டும், குளத்தில் இரண்டு பக்கமிருந்து வரும் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரிக் கூடியும் கழிந்தும் ஒரு கோலம் போடும். தூரம் கொஞ்சம் மாறினாலும் கோலம் கலைந்துவிடும். ஒற்றை நிற லேசர் என்றால் எல்லாத் தூரத்திலும் கோலம் விழும், பல அலைநீளம் கலந்த ஒளியாக இருந்தால் பத்து மைக்ரோமீட்டர் தவறினாலே கலையும். அந்தக் கலைவதுதான் அளவுகோல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன் ஆகியோர் 1991-இல் இதை வெளியிட்டார்கள், 2023-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது வாங்கினார்கள். முதலில் கண்ணுக்குப் போனது. 1998-லேயே லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பல்லுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

சதையில் ஓ.சி.டி. பார்க்கும் ஆழம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான். வாய்க்கு அது போதும், ஏனென்றால் உள்கன்னத்தின் மேல்தோல் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். நம் வயலில் குழி வெட்டினால் மேலே வண்டல், கீழே களி என்று கோடு கிழித்த மாதிரித் தெரியும் இல்லையா, நல்ல சதையின் படத்திலும் மேல்தோலுக்கும் அடித்திசுவுக்கும் நடுவில் அப்படி ஒரு கோடு தெரியும். புற்று கீழே இறங்கும்போது அந்தக் கோடு குழம்பி அழிகிறது. கத்தி வைக்காமல் அந்தக் கோட்டைப் பார்க்க முடிகிறது என்பது, பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடும் எங்கள் ஊர்ப் பெண்களை நினைத்தால், எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் தடித்த வெள்ளைத் திட்டில் மேலே படிந்த கெரட்டின் என்ற கடினப் புரதமே ஒளியைச் சிதறடித்து அடியை மறைத்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே கத்திதான்.

இதைக் கையில் பிடிக்கும் அளவுக்குக் கொண்டுவந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. மேசைமேல் இருக்கும் கருவிக்கு நோயாளி தாடையைத் தாங்கியில் வைத்து அசையாமல் இருக்கலாம். கை அப்படி நிற்காது. எவ்வளவு திடமான கையும் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை தானாக நடுங்கிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, பத்து மைக்ரோமீட்டர் அளக்கும் கருவிக்குத் தெரியும். ஆரம்பகால ஓ.சி.டி.யில் அந்த ஒப்பீட்டுக் கண்ணாடி முன்னும் பின்னும் நகர்ந்துதான் ஆழத்தைத் தேட வேண்டும், ஓர் இடத்தின் ஆழம் படத்தில் ஒரு கோடு என்றால் நொடிக்குச் சில நூறு கோடுகள்தான் கிடைக்கும், 500 கோடு சேர்ந்தால்தான் ஒரு படம், ஆகவே ஒரு படத்துக்கு ஒரு நொடியோ அதற்கு மேலோ. அதற்குள் கை பத்துத் தடவை ஆடியிருக்கும். 2000களின் தொடக்கத்தில் கண்ணாடியை நகர்த்தாமல் அலைநீளங்களைப் பிரித்துப் பார்த்தே எல்லா ஆழத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் முறை வந்தது. நொடிக்கு 50,000 கோடு என்று வைத்துக்கொண்டால் அதே படம் நொடியில் நூறில் ஒரு பங்கில் முடிந்துவிடும், ஒரு நடுக்கம் முடிவதற்குள் பத்துப் படம். கூடவே சிலிக்கானில் செதுக்கிய, அரிசி மணி அளவுக் கண்ணாடி ஒளிக்கற்றையை ஆட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டது. மேசை கைக்குள் வந்தது அப்படித்தான். தாடையைத் தாங்கியில் வைக்கத் தெரியாத பிறந்த குழந்தையின் விழித்திரையைத் தொட்டிலிலேயே பார்க்க முடிகிறது. காதுக்குள் விட்டுச் செவிப்பறைக்குப் பின்னால் சீழ் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்திருக்கிறார்கள்.

வேலைக்களத்தில் வரும் தொல்லைகள் எதுவும் விளம்பரத்தில் வராது. ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும், வாய்க்குள் விட்ட நொடியில் லென்ஸ் வேர்த்துப் படம் பால் மாதிரி ஆகிவிடும், நுனியைக் கொஞ்சம் சூடாக வைத்துக்கொள்ளும் கருவிதான் இங்கே தாங்கும். ஒவ்வொரு வாய்க்கும் புது உறை மாட்ட வேண்டும், அல்லது நுனியைக் கழற்றி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட வேண்டும், நூறு பேர் வரும் முகாமில் உறை தீர்ந்தால் கருவியைப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான், வேறு பேச்சே இல்லை. அப்புறம் பாக்கு அதிகம் போடுகிறவர்களுக்கு உள்கன்னம் நார் மாதிரி இறுகிப்போய் வாய் திறப்பதே குறைந்துவிடும். மூன்று விரலை நெடுக்குவாட்டில் நுழைக்க முடியாதவர்கள் முகாமுக்கு முகாம் வருகிறார்கள். யாருக்கு மிக அவசியமாகப் பார்க்க வேண்டுமோ அவர் வாய்க்குள் தடித்த தலை உள்ள கருவி போகாது. வாங்குகிறவர்கள் படத்தின் துல்லியத்தைக் கேட்பதற்கு முன்னால் நுனியின் தடிமனைக் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில், 35 வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீட்டுக்கே போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள், சந்தேகம் இருந்தால் அனுப்பிவைத்தார்கள். லேசரும் இல்லை, லென்ஸும் இல்லை. 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. வாசலுக்கு வந்து வாயைத் திறக்கச் சொன்ன அந்த ஆள்தான் முதல் கருவி. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதிலிருந்து நம் தெருக்களுக்குள் ஊழியர்கள் வந்து பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே ஆள் கையில் ஒரு டார்ச்சும், கொடுப்பை ஒதுக்கிப் பார்க்க ஒரு பயிற்சியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் தேறிய சந்தேகமான வாய்களுக்குத்தான் ஒளிக்கருவி வர வேண்டும், வட்டத் தலைநகருக்கு ஒன்று இருந்தால் கூடப் போதும். எல்லாக் கிளினிக்கும் கடன் வாங்கி ஒன்று வாங்க வேண்டிய அவசியத்தை நான் பார்க்கவில்லை, கருவி விற்கிறவர்களோடு பழகும் நானே சொல்கிறேன்.

போன வருடம் குத்தாலம் பக்கம் ஒரு முகாமில் நீல ஒளிக்கருவியைத் திரையோடு இணைத்துக் கொடுத்திருந்தேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, இடது கொடுப்பில் திட்டு. டாக்டரம்மா சதை எடுக்க வேண்டும் என்று சொன்னதும் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார், கத்தி வைத்தால் பரவிவிடும் என்று அவருக்குப் பயம். "ஆத்தா, ஒரு நிமிஷம் இதைப் பாத்துட்டுப் போங்க" என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். சுற்றிலும் பச்சை, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. ரொம்ப நேரம் பார்த்தார். "இது என் வாயா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்து, தஞ்சாவூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.